தூரத்திலிருந்து எடுக்க வாங்கிய கமரா

கொரோனாக் காலம் ஓய்ந்து, டொலர் விலை ஏறி, கடைகளில் வெளிநாட்டுச் சாமான்களைத் தொட்டுப் பார்க்கவே பயமாயிருந்த நாட்கள் அவை. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில், என் ஒரே மகளின் கல்யாணம் அப்போதுதான் பேசி முற்றானது. மாப்பிள்ளை கனடாவில். கல்யாணம் முடிந்து விசா கிடைத்ததும் அவளும் போய்விடுவாள்.

என் கணவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று முதல் எங்கள் வெங்காயத் தோட்டத்தை நான்தான் செய்கிறேன். அவர் நடப்பதும் கதைப்பதுமாக எங்களிடம் இருந்தது ஒரு போனில் கிடந்த சின்ன வீடியோ மட்டும். அந்தப் போனும் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, அவரையும் கொண்டு போய்விட்டது. அதனால்தான், மகள் போவதற்குள் ஒரு வீடியோ கமரா வாங்க வேண்டும், வீட்டையும் போகிற வருகிற இடங்களையும் கல்யாணத்தையும் என் கையாலேயே எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சொன்னதும் சொந்தமெல்லாம் சிரித்தது. இந்தக் காலத்தில் யார் கமரா வாங்குகிறார்கள், எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறதுதானே என்றார்கள். மாப்பிள்ளை பகுதியினர் பெரிய வீடியோக்காரர்களைப் பிடித்திருக்கிறார்கள், ட்ரோன் கூட வருமாம், நீ ஏன் இடையில் என்று கேட்டார்கள். இறந்த கணவரின் அக்கா, என் மச்சாள், வெங்காயம் விற்ற காசைக் கரியாக்காதே என்று சொன்னார்.

நான் யாருக்கும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவள் நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கக் கூடாது. வெளிக்கிட்டுப் போகிறவர்களுக்கு முழுவியளமாக, அதாவது முதற் சகுனமாக, எதிரே வரக் கூடாது. மணவறைக்குக் கிட்டப் போகக் கூடாது. இதையெல்லாம் யாரும் சண்டை பிடித்துச் சொல்வதில்லை. மெதுவாகத் தோளில் கை வைத்துப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் அப்படித் தள்ளப்பட்டு நின்றிருக்கிறேன். என் சொந்த மகளின் கல்யாணத்திலும் அதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையிலிருந்து போனை நீட்டினால் மகளின் முகம் ஒரு பொட்டளவுதான் தெரியும். அதைப் பெருப்பித்தால் கலங்கிப் போகும். எனக்கு வேண்டியது தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் கமரா.

என் அண்ணையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்குப் போனேன். புதுச் சாமான் எதுவும் எங்கள் கைக்கு எட்டாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய சாமான்களை வைத்திருக்கும் கடையொன்றை ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டிலும் ஊர் சுற்றும்போதும் எடுக்க என்று சொல்லிக் கமரா கேட்டேன். கடைக்காரத் தம்பி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணையைப் பார்த்தே பதில் சொன்னார். அண்ணைக்கோ கமராவின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது.

முதலில் மலிவான புதுக் கமரா ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டி முழுக்கப் பெரிய பெரிய எழுத்துகள். நான் ஒரு வெங்காயத்தையாவது நசுக்கிப் பார்க்காமல் மூட்டையை எடுக்காதவள். கமராவை வாங்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைப் பிடித்தேன். கிட்டக் கொண்டுவரக் கொண்டுவர எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து போனது. உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அடுத்தது தோளில் சுமக்கிற பழைய கமரா. அதற்கு நாடா தேடி நான் எந்த ஊருக்குப் போவது? அதையும் வேண்டாமென்றேன்.

கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில், உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று கிடந்தது. கையை நுழைத்துப் பிடிக்க ஒரு பட்டி, பக்கவாட்டில் திறக்கும் சின்னத் திரை. மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தபோது பெயர்ப்பலகையின் மூலையில் இருந்த பூச்சிக்கூடு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்த்தேன். பஸ் இரைச்சலுக்குள்ளும் அண்ணை இருமியது தனியாகக் கேட்டது. பற்றரிதான் கெதியாக இறங்கியது. இன்னொரு பற்றரியும் சேர்த்துத் தந்தால் எடுக்கிறேன் என்றேன்.

அந்தத் தம்பி அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கதைத்தார்.

“வீட்டுக்கும் ஊர் சுத்தவும் எண்டால் இவ்வளவு சூம் தேவையில்லை அக்கா. கிட்டப் போய் எடுக்கலாம்தானே?”

“நான் தூரத்திலதான் நிக்கவேணும், தம்பி” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. அண்ணைக்கு விளங்கியது. அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வந்த மாதங்களில் நானும் மகளும் ஸ்கூட்டியில் ஊரெல்லாம் சுற்றினோம். கீரிமலைக் கடற்கரையில் எடுத்த முதல் வீடியோவில் காற்று இரைகிற சத்தத்தைத் தவிர வேறொன்றுமில்லை. படமும் வள்ளத்தில் ஏறி இருந்து எடுத்த மாதிரி ஆடியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கப் பழகினேன். மயிலிட்டித் துறைமுகத்தில் அவள் மீன்காரரிடம் விலை பேசித் தோற்றுப் போனதை எடுத்தேன். வீட்டில் அவள் தலை சீவுவது, புட்டு அவிப்பது, என்னோடு கோபித்துக்கொண்டு வாசற்படியில் இருப்பது எல்லாவற்றையும் எடுத்தேன். தூரத்தில் நின்று எடுப்பதில் நன்றாகத் தேறிவிட்டேன்.

கல்யாண நாள் காலையில் வீட்டில் பாலறுகு வைக்கும் சடங்கு. கல்யாணப் பொம்பிளையை இருத்தி, சொந்தக்காரர் கணவன் மனைவியாக வந்து, பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்துத் தோய வார்ப்பார்கள். தாய்க்கு அங்கே இடமில்லை, அதாவது என்னைப் போன்ற தாய்க்கு. நான் கிணற்றடிக்குப் போகும் பாதையில், எல்லோருக்கும் பின்னால், கதிரையொன்றில் ஏறி நின்று கமராவைப் பிடித்தேன்.

திரையில் மகளின் முகம் முழுதாக வந்தது. நான் விரும்பி வாங்கிய கமரா நன்றாகவே வேலை செய்தது. பால் அவளுடைய நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. குனிந்து வைத்தவர்களுக்கு நடுவில், ஒவ்வொரு தோளுக்கும் இடையால் எட்டி எட்டி யாரையோ தேடினாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் தாய்க்குத் தெரியாதா? அம்மா எங்கே என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ சொல்லி அவள் தலையைத் திருப்பி விட்டார்கள்.

கதிரையால் இறங்கினேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் மற்றவர்கள் மேல் மட்டுமில்லை. பின்னால் நிற்பதற்கென்றே நகரத்துக் கடைக்குப் போய், ஒவ்வொன்றாகச் சோதித்து, பேரம் பேசி ஒரு கருவி வாங்கியவள் நான்தானே. என்னைத் தள்ளி வைக்க அவர்கள் கஷ்டப்படத் தேவையே இருக்கவில்லை. எல்லா ஆயத்தத்தையும் நானே செய்து கொடுத்திருந்தேன்.

மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் நெருங்கியது. அண்ணையும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. மகளைத் தகப்பனுக்குத் தகப்பனாக நின்று பார்த்தவர் அவர். அப்போதுதான் மச்சாள் வந்து என் கையைப் பிடித்தார். அவர் கடிந்து சொல்லவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

“நல்ல காரியம் நடக்கிற நேரம். நீ அந்த அறைக்குள்ள போய் இரு. முடிஞ்ச உடனை கூப்பிடுறன்.”

“என்ரை பிள்ளைக்கு நான் கூடாதவளோ, மச்சாள்?”

அவர் எதிர்பார்க்கவில்லை. பிடித்த கையை விடாமல், ஊர் வழக்கம் அப்படி, தனக்கென்ன ஆசையா, பிள்ளைக்கு ஏதும் ஒன்று வந்தால் பிறகு யார் பதில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டு போனார். நான் கையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அறைப் பக்கம் இல்லை. நடு வழியால், இரண்டு பக்கக் கதிரைகளுக்கும் இடையால், நேரே மணவறைக்கு. மண்டபம் முழுவதும் என்னையே பார்ப்பது போல இருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று போனேன்.

மணவறைக்கு முன்னால் மாப்பிள்ளை பகுதியின் வீடியோக்காரர்கள் நின்றார்கள். நான் படத்துக்குள் நிற்பதாகவும் கொஞ்சம் தள்ளி நிற்கும்படியும் அவர்களில் ஒருவர் சொன்னார்.

“நான் பொம்பிளையின்ரை அம்மா. படத்துக்குள்ள நிக்கத்தான் வந்தனான்.”

அவர் தன் கமராவைச் சற்று நகர்த்திக்கொண்டார். மகள் தலையை நிமிர்த்தினாள். என்னைக் கண்டதும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். கெட்டிமேளம் எழுந்தது. தாலி ஏறியதை எட்டித் தொடக்கூடிய தூரத்தில் நின்று எடுத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க மறந்துபோனேன். அந்த இடத்தில் படம் முழுவதும் ஆடுகிறது.

அடுத்தது அறுகரிசி போட்டு வாழ்த்துவது. பெரியாட்களை வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டார். சோடி சோடியாக வரிசை தொடங்கியது. என்னைத் தேடிக்கொண்டு மச்சாள் முன்னுக்கு வந்திருந்தார். நான் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த கமராவை அப்படியே அவர் கையில் வைத்தேன்.

“இதைக் கொஞ்சம் பிடியுங்கோ மச்சாள். நான் பிள்ளையை ஆசீர்வதிச்சுப்போட்டு வாறன்.”

விழுந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் கமரா இருந்ததால் என்னைப் பிடிக்க அவருக்குக் கை இருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் விலகினார்களா, நான் விலக்கினேனா தெரியாது. ஐயர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார். அறுகும் அரிசியும் எடுத்து மகளின் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் போட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவு நேரமும் எங்கை அம்மா போனனீங்கள்?”

அவள் விரல்களை மெதுவாக விடுவித்தேன். மருமகனுக்கும் போட்டுவிட்டு இறங்கினேன்.

இது எல்லாருக்கும் பிடித்துப் போய், கட்டிப்பிடித்து, சுபமாக முடிந்த கதை இல்லை. மச்சாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் கனகாலம் இருந்தார். கோவிலில் கண்டால் சிலர் இப்போதும் குசுகுசுக்கிறார்கள். மகளின் விசா இழுபட்டது. அதற்கும் நான் முன்னுக்குப் போனதுதான் காரணம் என்று யாரோ சொன்னதாக அண்ணி வந்து சொன்னார். விசா கொடுக்கிறவர்கள் என் நெற்றியைப் பார்த்தா முத்திரை குத்துகிறார்கள் என்று கேட்டு அனுப்பினேன். வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அவளுக்கு ஒரு தலையிடி வந்தால் கூட நான் நித்திரை கொள்ளாமல் கிடந்த நாட்கள் உண்டு. சிறுவயது முதல் ஊட்டிய பயம் ஒரு நாளில் போய்விடுமா? ஆனால் அந்தப் பயத்துக்காக, செய்தது பிழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

விசா வந்தது. மகள் போய்ச் சேர்ந்து, நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை பகுதியார் எடுத்த பெரிய வீடியோவும் அவளிடம் உண்டு. அதில் வானத்திலிருந்து மண்டபத்தின் கூரை தெரிகிறது, பாட்டெல்லாம் போட்டிருக்கிறார்கள். அவள் அடிக்கடி போட்டுப் பார்ப்பது மச்சாள் கமராவைப் பிடித்திருந்த பகுதியைத்தானாம். அதில் நாங்கள் ஒருவரும் இல்லை. மச்சாளின் சேலைக்கரையும், செருப்பில்லாத அவரது கால்களும், நிலத்தில் சிந்திய அரிசியும்தான் இருக்கின்றன. மேளச் சத்தத்துக்குள், எங்கை அம்மா போனனீங்கள் என்று அவள் கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

போன தையில் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஒருவர் வழக்கம் போலத் தோளில் கை வைத்து, பின்னுக்குக் கதிரை இருக்கிறது என்று காட்டினார். நன்றி சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கமரா கொண்டுவரவில்லையா என்று கேட்டார். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். முன்னால் இருப்பதற்கு எனக்கு இனிமேல் ஒரு காரணமும் தேவையில்லை.