என் வீட்டுப் பீலியும் லண்டன் தத்துவமும்

கோப்பிக் காலத்தில், இலங்கை மலைநாட்டில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளை. துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் என் வேலை. இரண்டையும் அறிந்தவன் அங்கே நான் ஒருவனே என்ற தலைக்கனம் தாராளமாக இருந்தது.

கோப்பிப் பழம் பறிக்கும் ஒரு காலத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. காரணம் எல்லாருக்கும் தெரியும். ஸ்டோரில் பல்பிங் மெஷின் உரித்துத் தள்ளும் கோப்பித் தோலும் கழுவிய தண்ணீரும் ஓடையில் விழும். லயம் அதற்குக் கீழே; அவர்கள் குடிப்பதும் அந்த ஓடைத் தண்ணீர்தான். என் வீட்டுப் பீலிக்கோ மேலே மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் வந்தது. அதனால் எனக்குக் கவலை இல்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக் காளியம்மா மெஷினை நிறுத்தச் சொன்னாள். துரை புத்தகம் படிக்கிறவர். லண்டனில் ஒரு வக்கீல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்: எதனால் அதிகம் பேருக்கு அதிக இன்பமோ அதுவே நியாயம், அந்தக் கணக்கில் ராசாவும் ஒரு ஆள், பிச்சைக்காரனும் ஒரு ஆள். சீமையில் கோப்பி குடிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரம், இங்கே அழுகிற பிள்ளைகள் கொஞ்சம் என்று துரை முடித்தார். நான் அதைக் கோயில் பிரசங்கி போல் ராகம் போட்டுத் தமிழில் சொன்னேன்.

காளியம்மா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப மிசினு ஓடட்டுங்க. நம்ம கணக்கபுள்ளை ஐயா ஊட்டுப் பீலிய லயத்துக்குத் திருப்பி வுட்டா நாங்க அம்புட்டுப் பேரும் பொழைச்சுக்குவோம். அவுக ஒரு ஆளுதானே?"

மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தேன். அவள் விரல் என் வீட்டைக் காட்டியது. துரைக்கு அந்த அளவு தமிழ் தெரியும். மனிதர் பூரித்துப்போனார். செத்த பிறகும் தன் உடம்பைக் கதிரையில் உட்காரவைக்கச் சொன்ன அந்த வக்கீல், இதைக் கேட்டால் எழுந்தே நின்றிருப்பார் என்றார். அன்றே மூங்கில் திரும்பியது.

பிள்ளைகள் தேறின. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாளியோடு லயத்து வரிசையில் நின்றது நான். துரை என்னைத் தேற்றினார்: வக்கீலின் சீடர் ஒருவர், எல்லா இன்பமும் ஒரே தரமல்ல, அறிவால் வரும் இன்பம் உயர்ந்தது என்று எழுதியிருக்கிறாராம். அப்படியானால் படித்தவன் படும் துன்பமும் உயர்ந்தது என்று வரிசையில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

"ஐயா, வாளிய நகத்துங்க," என்றாள் பின்னால் நின்ற காளியம்மா.

அதே ஊற்றிலிருந்துதான் துரையின் பங்களாவுக்கும் ஒரு பீலி போனது. அதை யாரும் திருப்பவில்லை. துரையும் ஒரு ஆள்தானே என்று இங்கிலீஷில் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. நான் கேட்காமல் வாளியை நகர்த்திக்கொண்டேன்.

இப்போது கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. பலர் நலனுக்காகச் சிலர் பொறுக்க வேண்டும் என்று யாராவது பேசினால் நான் மறுப்பதில்லை. அவர் எந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.