கேதீஸ்வரி மிஸி கேட்காத கேள்வி

ஓர் ஆளைப் பற்றி எழுதினால் முதல் வரியில் பிறந்த ஊர் வரவேண்டும். கேதீஸ்வரி மிஸியின் ஊர் எனக்குத் தெரியாது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், ஒருவர் இரண்டு வசனம் கதைத்தால் ஊரையும், மூன்றாவது வசனத்தில் தகப்பன் பெயரையும் சொல்லக்கூடியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மேசன்மாருக்குக் கல் சுமந்து, பிறகு நானே மேசனாகி, இன்றைக்கு இருபது பேரை வைத்து வேலை வாங்குகிற சீவரத்தினம் என்றால் சுன்னாகத்திலிருந்து கொடிகாமம் வரை தெரியாதவர் குறைவு. வீடு கட்டப் போன இடமெல்லாம் சொந்தம் விசாரித்தே எனக்கு இந்த அறிவு வந்தது.

மிஸி என்றால் ஆஸ்பத்திரித் தாதி. ஐம்பதைத் தாண்டியவர். மெல்லிய ஆள். தோளில் எப்போதும் ஒரு நீலப் பை. ஆஸ்பத்திரிப் பின்வளவில் இருக்கும் அந்தச் சின்னக் கிளினிக்கைக் காலையில் திறப்பவரும் மாலையில் பூட்டுபவரும் அவரே. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், எழுதினால் கோபிப்பார். அந்தக் கிளினிக் விறாந்தைக்கு ரைல்ஸ் பதிக்க நான் போயிருந்தேன். தோல் வருத்தத்துக்கான இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தது. வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். முகத்தைக் குடையால் மறைத்தபடி இருந்தது.

"பிள்ளை எவடம்?" என்று கேட்டேன்.

"கிளிநொச்சிப் பக்கம்."

"கதைக்கிற விதம் அப்பிடி இல்லையே. எனக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியாற்றை முகவெட்டு அப்பிடியே இருக்கு. அவற்றை மகளோ?"

"தண்ணி குடிச்சிட்டு வாறன் ஐயா" என்று எழும்பிப் போனது. திரும்பி வரவில்லை. உள்ளே நம்பரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மிஸி வெளியே வந்து வாங்கைப் பார்த்தார்.

"இதிலை இருந்த பிள்ளை எங்கை ஐயா?"

"தண்ணி குடிக்கப் போட்டுது. கிளிநொச்சி எண்டு பொய் சொன்னது மிஸி. நான் ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்" என்றேன் பெருமையாக.

மிஸி கண்ணாடியைக் கழற்றினார். என்னை உள்ளே கூப்பிட்டு, இருக்கச் சொல்லாமலே கதைத்தார்.

"ஆற்றையும் கதை உங்களுக்குச் சொல்லமாட்டன். பொதுவாய்ச் சொல்லுறன். இது எச்.ஐ.வி. கிளினிக். இஞ்சை வாற ஆக்கள் ஒரு நாளும் மருந்துக் குளிசை விடக்கூடாது. மாதக் குளிசை முடியிற நேரத்திலைதான் வருவினம். பிள்ளைத்தாச்சி ஒழுங்காய்ப் போட்டால் வயித்துப் பிள்ளைக்கு வராமல் பாக்கலாம். விட்டால் நான் ஒண்டுக்கும் பொறுப்பில்லை. விளங்குதோ?"

விளங்கியது. "எனக்கு வீடு தெரியும். மோட்டச்சைக்கிளிலை ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"நீங்கள் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது."

அந்தப் பிள்ளையின் போன் நிறுத்தி இருந்தது. மிஸி வீடு தேடிப் போகவும் வழியில்லை. வெள்ளை உடுப்போடு அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் இறங்கினால் ஊர் முழுக்கக் கேள்வி வரும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கல்லும் கோணலாக வைக்காத நான் அந்த விறாந்தையில் இரண்டு ரைல்ஸைக் கழற்றி மறுபடி பதித்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் மிஸி சாதாரணச் சேலையில் வந்தார். நீலப் பை வெறுமையாகத் தொங்கியது.

"கர்ப்பிணித் தாய்மார் எல்லாரும் வாற ஒரு கிளினிக்குக்குப் போனனான். அங்கை வயித்தோடை ஒரு ஆள் வந்தால் ஆரும் ஏனெண்டு கேளாயினம்" என்றார். "பக்கத்திலை இருந்த மனிசிமார் என்னை எவடம் எண்டு கேட்டினம். கால் நோகுது எண்டு சொன்னன்."

"கண்டனீங்களோ?"

"இண்டைக்கு நித்திரை கொள்ளுங்கோ ஐயா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே காணும். சீமெந்துக் கையோடு வாங்கில் இருந்துவிட்டேன்.

மற்றவர் என்றால் என்னைத் திட்டியதோடு விட்டிருப்பார்கள். மிஸி வருகைக் கொப்பியைத் திறந்தார். அந்த வருடம் வராமல் நின்றுபோனவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். குளிசை கசக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழு பேர் சொன்னது ஒரே காரணம். யாரோ எவடம் என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் காவலாளி, துப்புரவு செய்பவர், பக்கத்தில் இருந்த நோயாளி எல்லாரும் இருந்தார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நாங்கள் சுகம் விசாரிக்கிற முறையே அதுதானே.

அங்கே பொறுப்பாக இருந்த டொக்டர் வினோஜா சின்ன வயது, கெட்டிக்காரி. இரண்டு பேரும் இருந்து கதைத்து ஒரு முடிவு எடுத்தார்கள். அந்த வளவுக்குள் ஊர் கேட்கக்கூடாது. வாறவரிடம் "எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்று மட்டும் கேட்கவேண்டும். பஸ் நேரம் முந்தியவருக்கு முதலில் மருந்து.

"வாங்குகளை என்ன செய்வம் ஐயா?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார். படித்தவர்கள் என்னிடம் யோசனை கேட்பது புதிதல்ல. ஆளை ஆள் பார்த்தபடி கிடந்த வாங்குகளை மாமரத்தைப் பார்க்கத் திருப்பினேன். பின்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தேன். மருந்து எடுத்தவர் காத்திருப்பவருக்கு முன்னால் நடக்கத் தேவையில்லை. அந்த வாசல் என் யோசனை. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன பிறந்தது, குழந்தைக்கும் அந்த வருத்தம் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. வழியில் காணும் போதெல்லாம் மிஸியின் முகத்தைப் பார்ப்பேன். "மழை வரும்போலை" என்பார்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போனேன். பத்து மணியிருக்கும். பின்வாசலால் ஒரு பெண் குழந்தையை நடத்திக்கொண்டு வந்தார். குடை மடித்து இருந்தது. என்னைக் கண்டதும் நின்றார். எனக்கும் ஆளைத் தெரிந்தது, அதே பிள்ளைதான். நாக்கைக் கடித்துக்கொண்டு வாளிக்குள் பார்த்தேன்.

"ஐயா நீங்கள் எவடம்?" என்று கேட்டது பிள்ளை.

"சுன்னாகம்" என்றேன்.

பிள்ளை சிரித்தது. "கடைசிச் சோதனையும் முடிஞ்சுது ஐயா. இவனுக்கு ஒண்டும் இல்லை."

குழந்தை என் ரைல்ஸில் தத்தித் தத்தி ஓடியது. பேர் என்ன, மனிசன் ஆர், எந்த ஒழுங்கை, எல்லாம் தொண்டை வரை வந்தது. வாசலில் மிஸி நின்று கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்குப் பிள்ளை போகவேணும்?" என்று கேட்டேன்.

"பத்தரை பஸ்."

"அப்ப வெளிக்கிடுங்கோ. வெயில் ஏறமுந்திப் போங்கோ."