கருவாடு ஆகாத சாமி

தங்கப்பழமும் அவர் மகள் இசக்கிசெல்வியும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, வீட்டு வாசலில் தெருநாய்கள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிக்கு மிதவை வால்வு மாட்டியது. செல்வி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மாதம் ஒருமுறை சங்கரன்கோவிலுக்கு வருவாள். அவள் மரையில் டேப் சுற்றினாள், அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

“இனி தண்ணி தானா வருமா?”

“வரும். நெறஞ்சா தானா நின்னுரும்.”

“அப்ப எனக்கு என்ன சோலி?”

“சும்மா இருங்க.”

“சும்மா இருந்து சம்பாதிக்க நான் என்ன லிங்கேஷா?”

லிங்கேஷ் மனை போட்டு விற்பவன். கொஞ்ச காலமாக அவனை ஏசாமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. காரணம் மூன்று நாய்கள். மூன்றும் செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

தங்கப்பழம் இளையரசனேந்தல் பக்கத்துக்காரர். செம்மறிக் கிடை போட்டுப் பிழைத்தவர். அறுப்பு முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்துவைத்தால் புழுக்கை நிலத்துக்கு உரமாகும். காவலுக்கு நாய்கள். மனைவி போன பிறகு மகளைத் தவிர அவர் முகம் கொடுத்துப் பேசியது அந்த நாய்களிடம்தான். மனிதர்களிடம் பேசினால் அது பெரும்பாலும் ஏச்சாக இருந்தது.

கருவாயன், கிடைக்குள் நுழைந்த கண்ணாடி விரியனை மறித்து நின்று கடிபட்டுச் செத்தது. தளவா, ஆடு திருட வந்தவர்கள் வீசிய கறியைத் தின்று செத்தது. தின்ற பிறகும் ஒருவன் வேட்டியை விடாமல் கவ்விக்கொண்டு கிடந்தது. சிட்டு மட்டும் வயதாகி, கண் தெரியாமல், அவர் மடியில் தலைவைத்துப் போனது. மூன்றையும் கழுகுமலை ரோட்டுப் பக்கம், வழக்கமாகக் கிடை போடும் புஞ்சையின் மூலையில் புதைத்தார். ஒவ்வொன்றின் தலைமாட்டுக்கும் ஒரு கல் நட்டார். உழவு டிராக்டர் ஏறிவிடக் கூடாதென்று கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினார். வருடாவருடம் ஆடி அமாவாசைக்கு, அய்யாவுக்கும் மனைவிக்கும் படைத்த கையோடு, கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோற்றை மூன்று இலையில் கொண்டுபோய் வைப்பார்.

ஊர் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது அவருடைய தங்கை கோமதித்தாய்.

“நாய்க்குத் தெவசம் குடுக்க ஒரே ஆளு எங்க அண்ணன்தான்.”

“மனுசனுக்குக் குடுக்கதவிட இது மேலு. உன் வீட்டுக்காரனுக்கு நான் ஒரு கரண்டி சோறு வைக்க மாட்டேன்” என்பார் தங்கப்பழம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

கிடையை விட்டுவிட்டு அவர் சங்கரன்கோவில் டவுனில் ஒரு தறிக்கூடத்துக் காவலுக்கு வந்தார். நிலத்துக்காரர் புஞ்சையை லிங்கேஷுக்கு விற்றார். மண் நிரவ வந்த ஜேசிபி ஓட்டுநர் மூலையில் மூன்று வெள்ளைக் கல்லையும், முன்னால் காய்ந்த இலைகளையும் பார்த்தார். இறங்கினார். செருப்பைக் கழற்றினார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். மறுவாரம் கல்லுக்கு மஞ்சள் துணி. அதற்கடுத்து ஒரு சூலம், ஒரு மணி. யாரோ மூணுகல் மாடசாமி என்று பெயர் வைத்தார்கள். யாருக்கோ வயிற்றுவலி நின்றது. லிங்கேஷின் விளம்பரப் பலகையில் ‘குடிநீர், தார்ரோடு’ என்பதற்கு மேலே ‘சக்திவாய்ந்த கோவில்’ என்று ஒரு வரி ஏறியது. அவனே ஒருநாள் தறிக்கூடத்து வாசலுக்கு வந்தான்.

“அண்ணாச்சி, நீங்கதான் ஆதியில இருந்து அங்கன படையல் போடுதீயளாமே. சாமியோட வரலாறு வேணும். கல்வெட்டுல போடணும்.”

“எந்தச் சாமி வரலாறு? விரியன் கடிச்சதா, மருந்து வச்சதா, கண்ணு தெரியாம போனதா?”

லிங்கேஷ் பயபக்தியோடு தலையாட்டினான். “மூணுமே பெரிய கதையா இருக்கும் போலயே.”

“யோசிச்சுச் சொல்லுதேன். போ.”

அன்றிரவு செல்வியிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “உசுரோட இருக்கையில கல்லக் கொண்டு எறிஞ்ச பயலுவ, இப்பம் கல்லுக்கு மாலை போடுதானுவ.”

“நாய்னு சொல்லிருங்கப்பா.”

“சொன்னா நாளைக்கே ஜேசிபி வரும். மாடசாமின்னா தொட மாட்டானுவ. படுத்திருக்கட்டும்.”

செல்விக்கு அது சரியென்றே பட்டது. அந்த வருட அமாவாசைக்கு அவர் மூன்று இலையோடு போனார். கம்பிவேலி போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பலகை: அசைவம் படைக்கக் கூடாது. கமிட்டிக்காரர் ஒருவர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினார். “பெரியவரே, இது சுத்த சைவ சாமி.”

கருவாயன், தளவா, சிட்டு. பிறந்து சாகும்வரை மூன்றும் சைவமாக இருந்த ஒரு பொழுது கிடையாது.

சோற்றை வேலிக்கு வெளியே காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏச்சு மட்டும் மிச்சம். வேறு யாருக்கோ போட்ட மாலைக்கு அடியில் தன் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்றார்.

இந்த வருடம் அவர் படுத்தார். நெஞ்சில் சளி. செல்வி லீவு போட்டு வந்திருந்தாள். கோமதித்தாய் பார்க்க வந்தாள். மகனுக்குப் பரீட்சை பாஸாக வேண்டுமென்று அவளும் மூணுகல் மாடசாமிக்கு நேர்ந்திருந்தாள். அங்கிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அண்ணன் நெற்றியில் பூசினாள்.

“துடியான சாமிண்ணே. நம்பிப் பூசிக்கோ.”

“ஏளா, இது யாரு குடுத்த துன்னூறு தெரியுமா? நீ வெளக்குமாத்தக் கொண்டு அடிச்சு வெரட்டுவியே, அந்தத் தளவா.”

“காய்ச்சல்ல பினாத்துதான்” என்று அவள் செல்வியிடம் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். போகிறபோக்கில் அவளே செய்தியையும் போட்டாள். ஆடி அமாவாசைக்குக் கோவிலில் கொடைவிழா. அன்றைக்குக் கல்லுக்குப் பித்தளைக் கவசம் சாத்துகிறார்கள். அப்புறம் கல் கண்ணுக்குத் தெரியாது.

அவள் போனதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஏட்டி, மழைக்குக் கரையாத பெயிண்ட்டு எது?”

“எபாக்சி. எதுக்கு?”

“கல்லுல பேரு எழுதணும். மேல என்ன சட்டையும் மாட்டிக்கிடட்டும். உள்ள பேரு இருக்கணும்.”

“நான் எழுதட்டுமா?”

“உனக்கு அதுகளத் தெரியாது. நான்தான் எழுதணும்.”

அடுத்த முறை வரும்போது அவள் ஓசூரிலிருந்து கறுப்பு எபாக்சி ஒரு செட்டும் பட்டைத் தூரிகையும் கொண்டுவந்தாள். வால்வு மாட்டிய அதே ஞாயிறு. இரண்டு டப்பாவையும் கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும், இல்லையென்றால் இறுகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். மூணு பேருக்கு ஒரு மணி நேரம் என்னத்துக்கு என்றார். கோமதியம்மன் தபசுத் திருவிழா முடியட்டும், கூட்டம் குறைந்ததும் போகிறேன் என்றார். சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கிக் காகிதத்தில் சுற்றி ஆணியில் தொங்கவிட்டார். செல்வி ரயிலேறினாள்.

தபசு முடிந்த மறுநாள் காலை தறிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவாறே போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் அவரை நல்ல மனுசன் என்றார்கள். ஆயுசுக்கும் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். லிங்கேஷ் ஆளுயர மாலை கொண்டுவந்தான். “அண்ணாச்சி வரலாறச் சொல்லாமலே போயிட்டாகளே” என்று உண்மையாகவே அழுதான். கோமதித்தாய் அண்ணன் நெற்றியில் மறுபடியும் அந்தத் திருநீற்றைப் பூசினாள். செல்வி தடுக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அவருக்குச் சொந்தமாக இருந்தது, தளவா கொடுத்த அது ஒன்றுதான்.

“பதினாறு முடியுற வரைக்கும் தீட்டு. சாமி இருக்க திசைப் பக்கம் போயிராத” என்றாள் அத்தை.

அமாவாசை அதற்குள்ளேயே வந்தது. அத்தையின் பிள்ளைகள் கொடை பார்க்கப் போனார்கள். கவசம் கண்ணாடி மாதிரி மின்னியது என்று வந்து சொன்னார்கள்.

வாசலில் ஒரு செவலை நாய் தொட்டியில் நக்கிக் குடித்தது. வால்வு திறந்து, நிரப்பி, தானாக நின்றது. உள்ளே ஆணியில் கருவாட்டுப் பொட்டலம் அவர் கட்டியபடியே தொங்கியது. அதன் கீழே தூரிகை. பக்கத்தில் பெயிண்ட் டப்பா இரண்டும், மூடி திறக்காமல்.