பதினெட்டாவது வாசல்

ஒரு பெண்ணின் துயரத்தை என் வாயால் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். பிறகு அதே பெண்ணை என் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... கடைசிவரை படித்தால் என்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்!

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பாகூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. கோரிமேட்டில், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, சொந்தமாக மாடிவீடு கட்டிக்கொண்டு புதுச்சேரிக்காரன் ஆனவன். நன்றாகப் பேசுவேன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

ஊரில் சிலர் மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். சாதியாலும் மதத்தாலும் விலகி வாழ்கிறவர்களை இருவர் இருவராக உட்காரவைப்பார்கள். ஒருவர் வாழ்க்கையை மற்றவர் கேட்க வேண்டும். பிறகு சபையில் எழுந்து, அந்தக் கதையை 'நான்' என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் வலியை உங்கள் வாயால் சொல்லிவிட்டால், அதன்பின் அவர் உங்களுக்கு அந்நியராக இருக்க முடியாதாம்...

அப்படி என்முன் வந்து உட்கார்ந்தவர் சபியா. தையல் தொழில். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். காலாப்பட்டிலிருந்து பேருந்தில் அழைத்து வர வேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடிவரலாம் என்று வீடு தேடியிருக்கிறார். தொலைபேசியில் எல்லாம் சரியாக இருக்கும். நேரில் போய் நின்றதும், புர்காவைப் பார்த்ததும், எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"கதவ சாத்துனாகூட பரவால்ல சார். சிரிச்சிக்கினே 'ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டோம்மா'ன்றாங்க பாருங்க... அதான் தாங்கல. பதினேழு வீடு சார்."

என் கதையை அவர் சபையில் சொன்னார். செருப்பில்லாமல் நகரத்துப் பள்ளிக்கு வந்து, என் கிராமத்துப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்த முதல் நாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கைக்குழந்தையை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

நானோ கூட்டினேன்! வீட்டுக்காரர் சிரிப்பை, அவர் குரல் இறங்குவதை, பேச்சு முடிந்தது என்று வாசல் கேட்டைப் பார்க்கும் அந்தப் பார்வையை... எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். "பதினேழு வாசல்களில் நான் நின்றேன்" என்று முடித்தபோது முன்வரிசையில் ஒருவர் விம்மினார். சபியாவும் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கூடப் பொறந்தவங்க மாதிரி சொன்னீங்க சார்" என்றார். அந்தக் கணத்தில் நான் உண்மையாகவே உருகினேன். அதுதான் எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து என் மாடி காலியானது. 'வீடு வாடகைக்கு' என்று அட்டை எழுதிக் கேட்டில் கட்டினேன். நான்காம் நாள் காலை வாசலில் சபியா. வெளியே ஆட்டோவில் அவர் கணவர் சாய்ந்து கிடந்தார், முகமெல்லாம் வீக்கம்.

"இந்தப் பக்கம் வரச்சொல்ல அட்டைய பாத்தேன் சார். உங்க வீடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மனசுக்கு அப்பாடான்னு ஆயிடுச்சி. நீங்கன்னா நான் ஒண்ணுமே வெளக்க வேணாமே சார்!"

எவ்வளவு நம்பிக்கை... அந்த ஒரு நிமிடத்தில் என்னென்ன நினைத்தேன், சொல்லட்டுமா? ஊரிலிருந்து வரும் பங்காளிகள் என்ன சொல்வார்கள். பக்கத்து வீட்டார் என்ன கேட்பார்கள். மாடியில் என்ன சமைப்பார்கள். மனைவி தடுத்தாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவள் அன்று வீட்டிலேயே இல்லை.

"அடடா..." என்றேன். "ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேம்மா."

சிரித்துக்கொண்டே சொன்னேன். என் குரல் இறங்கியது. என் கண் கேட்டைப் பார்த்தது. நான் சபையில் நடித்தேனே, அப்படியே!

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அட்டை மேலும் மூன்று வாரம் அங்கேயே தொங்கியது.

அந்த மழைக்காலத்தில் அவர் கணவர் இறந்துபோனார். பேருந்தும் ஆட்டோவும் ஓடாத இரண்டு நாட்கள் டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை என்று கூட்டக்காரர்கள் சொன்னார்கள். என் மாடியில் இருந்திருந்தால் நடந்தே போயிருக்கலாம்... பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

துக்கம் கேட்கப் போனேனா? இல்லை. ஆனால் கூட்டத்துக்குப் போனேன்! புதியவர்களுக்கு முன்மாதிரியாக அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பாதியில்தான் கடைசி நாற்காலியில் சபியாவைக் கண்டேன். நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. பதினேழு வாசல்களில் நின்று முடித்தேன்.

எல்லோரும் என் கையைக் குலுக்கிவிட்டுப் போன பிறகு அவர் வந்தார். அழவில்லை, ஏசவில்லை.

"நல்லாத்தான் சொன்னீங்க சார். ஆனா பதினேழு இல்ல, பதினெட்டு. அடுத்த தபா சரியா சொல்லிடுங்க."

அதன்பின் அவர் வருவதில்லை. என் மாடியில் இப்போது ஒரு வங்கி அதிகாரி குடியிருக்கிறார், எங்கள் பக்கத்து ஆள்தான்.

போன மாதமும் என்னை அழைத்தார்கள். இந்தமுறை சொல்லிவிடுவது என்று உறுதியோடுதான் எழுந்து நின்றேன். கடைசி வரி வந்தது...

பதினேழு என்றுதான் சொன்னேன். வெகுநேரம் கைதட்டினார்கள்.