மின்னினால் ஒன்றாம் தரம்

இன்று மதினியை மதுரைக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூக்கோரத்தில் ஆறாத புண். புற்றுநோயோ என்று வீடே பயந்திருந்தது.

துளி சதை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஹைலைட்டர் பூசிய வரிபோலச் சில செல்கள் மட்டும் பளிச்சென்று தெரியுமாம்.

டாக்டர் திரையைக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, கூட்டமா மின்னுது."

மதினி முகம் மலர்ந்தது. "மின்னுதா? அப்ப ஒண்ணாம் தரம்தான சார்!"

டாக்டர் விழித்தார். போடியில் காலமெல்லாம் ஏலக்காய் பொறுக்கிய கை அது. அங்கே மின்னுகிற காய்தான் உயர்ந்தது.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மதினி, இங்க மின்னுறதுதான் சொத்தை."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுக்கி எடுத்துரலாம்ல தம்பி?"

டாக்டரே பதில் சொன்னார். "எடுத்துரலாம்மா. இது பெரும்பாலும் பரவாத வகை. வெட்டின ஓரத்தையும் இதே வெளிச்சத்துல பார்ப்போம். ஒண்ணும் மின்னலேன்னாத்தான் தையல் போடுவோம்."

"அப்ப வெரசா எடுங்க சார். இனிமே எம்மூக்குல மூக்குத்தி மட்டும் மின்னினாப் போதும்."

இதுவரை மூக்குத்தியே போடாதவர். வலப்பக்கமா, இடப்பக்கமா? பெண்கள் யாராவது சொல்லுங்கள், எனக்கும் தெரியவில்லை, அவர் வீட்டுக்காரரான என் அண்ணனுக்கும் தெரியவில்லை.