ஏகாதசித் தண்ணீர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். வங்காளத்தில், பாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்தபோது, என் தங்கை கணவனை இழந்த பத்தாம் நாள், சாஸ்திரப்படி அவள் தலையை மழிக்க நாவிதரை அழைத்தேன். அன்று ஏகாதசி.

பக்கத்து வீட்டு வங்காளிப் பண்டிதர் பதறி வந்தார்.

“மொட்டையா? எந்த சாஸ்திரம், பாபு? எங்களில் கிடையாதே.”

அப்போதுதான் அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “ஏகாதசியில் விதவை தண்ணீர் குடிப்பதா? மகாபாவம்.”

இருவரும் ஆதாரமாக ஒரே ரிஷியின் பேரைத்தான் சொன்னோம்.

தங்கை நிமிர்ந்தாள். “அண்ணா, அங்கே நம்ம ஊர்ல தண்ணி குடிக்கலாம். இங்கே முடி வெச்சுக்கலாம். நான் எந்த ஊர்க்காரி?”

நாவிதரைத் திருப்பி அனுப்பினேன். தண்ணீரையும் குடிக்கச் சொன்னேன். அது தர்மமா, வெறும் பாசமா என்று பெருமாளிடம் தினமும் கேட்கிறேன், இன்னும் விளங்கவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், நாவிதரை அழைத்தவனும் நானே என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.