சாமியறையில் ஆடுகள்

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் புளியங்கூடலை விட்டு யாழ்ப்பாணம் ஓடியபோது, எங்கள் நாய் மணியை அவிழ்த்துவிட்டுப் போனோம். சில மாதங்களின் பின் வீட்டைப் பார்க்கத் தனியாக வந்தேன். சாமியறைக்குள் இரண்டு ஆடுகள் நின்றன. ஊரை விட்டுப் போகாத பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"கோவியாதையும் தம்பி. இந்த அறைக்குத்தான் கதவு மிச்சம். மற்ற ஆடுகளை நாயள் கடிச்சுப்போட்டுதுகள்."

"ஆரின்ர நாயள்?"

"விட்டிட்டுப் போன ஆக்களின்ர."

மாலையில் நாய்க்கூட்டம் வந்தது. அக்கா நாய்களை அடிக்க வைத்திருந்த தடியை, அந்தப் பொல்லை எடுத்தார். முன்னால் வந்த நாயின் கழுத்தில் என் மகள் கட்டிய சிவப்பு ரிபன் இருந்தது. "மணி" என்றேன். வாயோரம் காய்ந்த இரத்தத்துடன் அது வாலாட்டியது.

அக்கா பொல்லைக் கீழே வைத்தார். "கூட்டிக்கொண்டு போகேலாதோ?"

"ஏலாது அக்கா. நாங்களே பள்ளிக்கூடத்தில ஒதுங்கியிருக்கிறம்."

பொல்லை நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். சந்தி வரை மணி பின்னால் வந்தது.

மகளிடம் மணியைக் காணவில்லை என்றேன். அதைத் திருத்திச் சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை.